துணி கிளிப்பை வென்ற கால்

சுங்கை பினாங்,
8 ஜூன் 2025

விடுதிச் சிறையில் வாடும் அன்பு நண்பன் ஃபிக்ரிக்கு,

பினாங்குத் தீவின் பொதுமக்களுக்கும், பாலத்துக்கு அப்பால் தைப்பிங்கில் கைபேசி பறிக்கப்பட்டுக் கற்காலத்தில் வாழும் உனக்கும் கனத்த இதயத்துடன் அறிவித்துக்கொள்வது யாதெனில்: எங்கள் வீட்டு நீல நிறத் துணி கிளிப், நேற்று மாலை தன் வாழ்நாளின் முதல் தோல்வியைத் தழுவியது. ஒரு நிமிடம் மௌனம் அனுசரிக்கவும். அனுசரித்தாயா? சரி, மேலே படி.

அந்தக் கிளிப்பின் வீர வரலாறு உனக்குத் தெரியாததல்ல. தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு சபைகூடலில் உன் காது மடலைக் கவ்வி, பள்ளிப் பாடலின் நடுவில் உன்னை மட்டும் வேறு சுருதியில் பாட வைத்தது அதுதான். அம்மாவின் சுண்டுவிரலைக் கவ்வி எனக்கு அகப்பையால் பரிசு வாங்கிக் கொடுத்ததும் அதுதான். கவ்விய இடத்திலெல்லாம் சத்தம் வரவழைத்த கிளிப்.

நேற்று அப்பா பஸ் ஓட்டிவிட்டு வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு டிவியில் பூப்பந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் முதலில் பயிற்சிக்காகக் கிளிப்பை என் காதிலேயே மாட்டிக்கொண்டு முதல் ஆட்டம் முழுவதையும் பார்த்து முடித்தேன். கண்கூடச் சிமிட்டவில்லை. பிறகு ஓசைப்படாமல் அதை அப்பாவின் வலது கால் கட்டைவிரலுக்கு மாற்றிவிட்டு, சோபாவுக்குப் பின்னால் பதுங்கினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. ஆட்டம் முடிந்தது. அப்பா எழுந்து சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனார். கிளிப்பும் கூடவே போனது, டக் டக் என்று தரையில் தட்டிக்கொண்டு.

"என்னங்க அது கால்ல?" என்றார் அம்மா.

அப்பா குனிந்து பார்த்தார். "ஏன்டா, என்னையவே காயப்போட்டுட்டியா?"

அவ்வளவுதான். 'ஆ' இல்லை, 'ஊ' இல்லை. எங்கள் அப்பா இரும்பு என்று ஊருக்கே தெரியும். போன ஆடித் தீமிதியில் மற்றவர்களெல்லாம் நெருப்பில் பிடித்த ஓட்டம் என்ன, அவர் கர்னி டிரைவ் கடற்கரையில் காற்று வாங்குகிற மாதிரி நடந்த நடை என்ன. இப்போது ஃபிளாட்டில் அவர் வெறும் சின்னையா இல்லை, 'தீமிதி சின்னையா'. அந்த இரத்தம்தான் எனக்கும். பள்ளியில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

விஞ்ஞானியே, ஒரு சந்தேகம். வலி கால் விரலிலிருந்து தலைக்கு எப்படி ஏறுகிறது? நரம்பு என்பது வயர் மாதிரிதானே என்று, ஃபேக்டரியில் சர்க்கியூட் சோதிக்கிற அம்மாவிடம் கேட்டேன். "வயரா இருந்தா உன்னோடத எப்பவோ கழட்டிப் போட்டிருப்பேன். நரம்பில்லாத நாக்கு, என்னமா பேசுது" என்றார். நீயாவது ஒழுங்காகப் பதில் சொல்லு லா.

இப்படிக்கு,
இரும்பு நரம்பு ஷர்வின்


தைப்பிங்,
15 ஜூன் 2025

என் காதின் பரம எதிரி ஷர்வினுக்கு,

நலம். உன் கடிதத்தை வழக்கம்போல வார்டன் இக்மல் பிரித்து, நெற்றியைச் சுருக்கிப் பார்த்து, தமிழ் தெரியாததால் "உன் தாத்தா எழுதினதா? மரியாதையா பதில் போடு" என்று சொல்லிக் கொடுத்தார். முதல் வரியிலேயே அவருடைய விடுதியைச் சிறை என்று எழுதியிருக்கிறாய். தமிழ் வாழ்க.

உன் அம்மா சொன்னது சரி. நரம்பு வயர் இல்லை. நூலகத்தில் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். வயரில் மின்சாரம் ஓட ஓடத் தேயும். நரம்பில் தேயாது, ஏனென்றால் வழி நெடுக அது புதிதாகப் பிறந்துகொண்டே போகிறது.

எங்கள் வாப்பா கடையை நினைத்துக்கொள். மதியம், ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. வெளியே நாசி கண்டார் சோற்றுக்குக் கூட்டம் முண்டுகிறது. நரம்புச் செல்லுக்கு வெளியே அப்படி முண்டுகிற கூட்டத்தின் பெயர் சோடியம். உள்ளே பொட்டாசியம். சும்மா இருக்கும்போது உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிடக் கொஞ்சம் மைனஸ். யாராவது விரலைக் கிள்ளினால் அங்கே ஒரு ஷட்டர் திறக்கிறது. சோடியம் திபுதிபுவென்று உள்ளே பாய்கிறது, அந்த இடம் மட்டும் மைனஸிலிருந்து பிளஸுக்குத் தாவுகிறது. அந்த அதிர்ச்சியில் பக்கத்து ஷட்டர் திறக்கிறது, பிறகு அதற்கடுத்தது. பின்னாலேயே பொட்டாசியம் வெளியேறி, பழைய இடம் மறுபடி மைனஸ் ஆகிவிடுகிறது. உள்ளே வந்த சோடியத்தை வெளியே தள்ள ஒரு பம்ப் எந்நேரமும் வேலை செய்கிறது, கடை சாத்தும்போது எங்கள் வாப்பா வாடிக்கையாளர்களைத் தள்ளுகிற மாதிரி.

இன்னொன்று. சீனப் புத்தாண்டு ஒன்பதாம் நாள் படகு ஜெட்டியில் சரவெடி கொளுத்துவார்களே, நாம் காதைப் பொத்திக்கொண்டு போய்ப் பார்ப்போமே, அதேதான். முதல் வெடி எவ்வளவு சத்தமோ, கடைசி வெடியும் அவ்வளவு சத்தம். பாதி வெடி என்று ஒன்று கிடையாது. வெடித்தால் முழுசாக வெடிக்கும், இல்லையென்றால் இல்லை. வெடித்தது உடனே மறுபடி வெடிக்காது, அதனால் சரம் பின்னோக்கித் திரும்பாது. ஒரே வித்தியாசம், நரம்பு கண் இமைக்கும் முன் தன்னையே மறுபடி கட்டி வைத்துக்கொள்ளும்.

இப்போது என் சந்தேகம். உன் அப்பா கிளிப்பைப் பொறுத்துக்கொண்டாரா, இல்லை, அவருக்குத் தெரியவே இல்லையா? இரண்டும் ஒன்றல்ல. பொறுத்துக்கொள்கிறவர் கிளிப்போடு சமையலறைக்கு நடக்க மாட்டார், கழற்றி உன் தலையில் எறிவார். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, ஒவ்வொரு விரலாக லேசாகத் தொட்டு, எது என்று கேட்டுப் பாரேன்.

பி.கு.: நாக்கில் நரம்பு நிறைய இருக்கிறது. உன் நாக்கில்கூட.

அன்புடன்,
ஃபிக்ரி


சுங்கை பினாங்,
24 ஜூன் 2025

ஷட்டர் மன்னன் ஃபிக்ரிக்கு,

உன் கடிதத்தை அறிவியல் பாடத்தில் ராமசாமி சாரிடம் நானே கண்டுபிடித்த மாதிரி ஒப்பித்தேன். அவர் அசந்துபோய், வகுப்பு முழுவதையும் கைகோத்து வரிசையில் நிற்க வைத்தார். ஒரு முனையில் இருப்பவன் பக்கத்துக் கையை அழுத்த வேண்டும், அழுத்தம் கைமாறிக் கைமாறி மறுமுனைக்குப் போக வேண்டும், அவர் நேரம் பார்ப்பார். நான் சும்மா இருப்பேனா? மறுமுனையில் நின்ற ஹைக்கலிடம் கண்ணைக் காட்டி, அவனையும் அதே நொடியில் அழுத்தச் சொன்னேன். நடுவில் நின்ற நஜ்வாவுக்கு இடதிலிருந்தும் வலதிலிருந்தும் ஒரே சமயத்தில் அழுத்தம் வந்தது. யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் அப்படியே விழித்தாள். அழுத்தம் இரண்டு முனைக்கும் போய்ச் சேரவில்லை. சார் கடிகாரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் யோசித்தேன். சரவெடியை இரண்டு முனையிலும் கொளுத்தினால் நடுவில் சந்தித்து அணைந்துவிடும், இரண்டு பக்கமும் வெடித்தது மட்டும்தானே மிச்சம்? ஒரு நரம்பில் இரண்டு பக்கமிருந்தும் அனுப்பினாலும் அப்படித்தானே? சரி என்றால் சரி என்று எழுது, என் பெயரை அதற்கு வைக்கலாம்.

அப்பா விஷயம். ஒரு கிளாஸ் மைலோ ஐஸ் பந்தயம் என்று சொல்லிக் கண்ணை மூட வைத்தேன். கை விரல்களில் எதைத் தொட்டாலும் சரியாகச் சொன்னார். முழங்காலும் சரி. அதற்குக் கீழே இறங்க இறங்கத் தடுமாறினார். பாதத்துக்கு வந்ததும், "கட்டைவிரலு" என்றார், ரொம்ப நம்பிக்கையாக.

நான் அப்போது எதையுமே தொட்டிருக்கவில்லை.

அந்தப் பாதத்தின் அடியில் ஒரு கறுப்புப் புள்ளியும் சுற்றிலும் வெள்ளையாக ஊறிய தோலும் இருந்தன. செருப்பை எடுத்துப் பார்த்தேன். அடியில் ஏறிய ஒரு குட்டி ஆணி, உள்ளே முனையை நீட்டிக்கொண்டு நின்றது. அதை மிதித்துக்கொண்டே ஃபேக்டரிகள் இருக்கும் பாயான் லெப்பாஸுக்கும் வீட்டுக்கும் எத்தனை தடவை போய் வந்தாரோ.

"அட, இது எப்ப ஏறுச்சு?" என்று சிரித்தார். "பார்த்தியா, ஆத்தா என் கால அவ பொறுப்புல எடுத்துக்கிட்டா."

"அம்மாகிட்ட காட்டலாம்பா."

"வேணாம்டா. இதக் காட்டினா கிளினிக், மருந்துன்னு ஆரம்பிச்சிருவா. ஆடி வரட்டும். காப்புக் கட்டி, தீமிதிச்சிட்டு அப்புறம் பார்க்கலாம். சத்தியமா சொல்லாத."

சத்தியம் செய்துவிட்டேன். ஆணியை மட்டும் பிடுங்கிப் போட்டேன். மைலோ ஐஸ் எனக்குத்தான் சேர வேண்டும், ஆனால் நான் கேட்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
ஷர்வின்


தைப்பிங்,
2 ஜூலை 2025

அன்பு ஷர்வினுக்கு,

சரி. நரம்பிலும் அப்படித்தான், இரண்டும் மோதினால் இரண்டும் அணையும். உன் பெயரை வைக்க முடியாது, வேறு யாரோ முந்திக்கொண்டார்கள். ஆனால் நீயே யோசித்தது பெரிய விஷயம்தான்.

இனி நான் எழுதுவதைச் சிரிக்காமல் படி.

காலுக்குப் போகிற நரம்புச் செல்லுக்கு ஒரு வால் உண்டு. முதுகின் அடிப்பக்கத்திலிருந்து கால் விரல் நுனி வரை, ஒரே செல்லின் ஒரே வால். வேகமாகப் போக வேண்டிய நரம்புகளில் அந்த வாலைச் சுற்றி மயலின் என்று கொழுப்பு உறை இருக்கும். உறைக்கு நடுநடுவே இடைவெளி. சமிக்ஞை எல்லா இடத்திலும் நிற்காமல், உன் அப்பாவின் ஃபேக்டரி பஸ் மாதிரி நிறுத்தத்துக்கு நிறுத்தம் தாவிப் போகும். வலியையும் சூட்டையும் கொண்டுபோகிற பல நரம்புகள் மெல்லியவை, உறை குறைந்தவையோ இல்லாதவையோ. இரத்தத்தில் இனிப்பு ரொம்ப நாள் ஏறி இருந்தால் இவை எல்லாமே கெடும். முதலில் கெடுவது இருப்பதிலேயே நீளமானது. அதாவது, பாதம். அங்கிருந்து மெல்ல மேலே ஏறும், காலுறை போட்டுக்கொள்கிற மாதிரி. முழங்கால் சரி, கீழே இறங்க இறங்கத் தடுமாறினார் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

எங்கள் கடையில் குழம்பு காய்ச்சுகிற மாமாவை உனக்குத் தெரியும். அவர் ஏன் எப்போதும் மூடிய காலணி போடுகிறார் என்று கேட்டிருக்கிறாயா? இரண்டு விரல் இல்லை. தெறித்து விழுந்த அடுப்புக் கரியை மிதித்துக்கொண்டே பரிமாறினாராம். இனிப்புநீர் என்கிற சர்க்கரை நோய் இருந்ததே அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

உன் அப்பாவின் நேர்த்திக்கடனைப் பற்றிச் சொல்ல நான் யார்? அதை விட்டுவிடு. ஆனால் நீ கிளிப்பை மாட்டியது வலது காலில். பிரேக்கை மிதிப்பதும் வலது கால். பஸ்ஸில் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டு வருகிறவர்களை நினைத்துப் பார். உன் அம்மாவே சில நாள் அதில்தானே வருகிறார்கள்?

ஆண்ட்டியிடம் சொல்லிவிடு. தீமிதிக்கு முன்னால் சொல்.

அன்புடன்,
ஃபிக்ரி


சுங்கை பினாங்,
9 ஜூலை 2025

டாக்டர் ஃபிக்ரிக்கு,

எப்போது பட்டம் வாங்கினாய்? சொல்லவே இல்லை. கடித வைத்தியம் இலவசமா?

நீ ஒரு விஷயத்தை மறந்துவிட்டாய். அப்பாவை பஸ்ஸில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். "பஸ் அங்கிள், லேட்டு", "பஸ் அங்கிள், ஏர்கோன் வேலை செய்யல". ஒரு நாள் ஒரு சீனப் பெண் அவரைப் பார்க்காமலே, கைபேசியைப் பார்த்துக்கொண்டே திட்டினாள். நான் பின் இருக்கையில் இருந்தேன். அவர் "சாரி லா அமோய்" என்றார். அதே ஆள் கோயிலுக்குள் நுழைந்தால் கூட்டம் வழிவிடுகிறது. போன வருஷம் சூடே தெரியாமல் நடந்தாரே, அதிலிருந்து சின்னப் பிள்ளைகளைக் கொண்டுவந்து அவர் காலில் விழ வைக்கிறார்கள். அவர் கூச்சப்பட்டு ஒதுங்குகிறார், ஆனால் வீட்டுக்கு வந்ததும் பாட்டுப் பாடுகிறார். இந்த வருஷம் வரிசையில் முதல் ஆளாக அவரை விடப்போகிறார்களாம்.

அவரிடம் போய், 'அப்பா, அது ஆத்தா இல்லை, இனிப்புநீர்' என்று நான் சொல்ல வேண்டுமா? நீ சொல்வாயா உன் வாப்பாவிடம்?

அவர் வீட்டில் கொஞ்சம் தடுமாறுகிறார், அது உண்மை. செருப்பு ஒன்று வழியில் கழன்று விழுந்தது தெரியாமல் ஒற்றைச் செருப்போடு வந்தார். நான் அதையும் ஜோக்காக்கி விட்டேன். பாதத்தில் அந்தப் புள்ளி கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது. தீமிதி ஆகஸ்ட் மூன்றாம் தேதி. அது முடியட்டும், நானே சொல்கிறேன். அதுவரை நீ யாரிடமும் வாயைத் திறக்காதே. அப்பாவுக்கு நான் செய்த சத்தியம் உனக்கும் சேர்த்துத்தான்.

கேட்க மறந்தேன். வெடி எல்லாம் ஒரே அளவு என்றால், சின்ன வலியும் பெரிய வலியும் எப்படி வேறு வேறாகத் தெரிகிறது?

ஷர்வின்


தைப்பிங்,
14 ஜூலை 2025

அன்பு ஷர்வினுக்கு,

வெடியின் அளவு மாறாது. எத்தனை வெடி எவ்வளவு நெருக்கமாக வருகிறது, எத்தனை நரம்புகள் சேர்ந்து வெடிக்கின்றன என்பதுதான் மாறும். சின்ன வலிக்கு ஒன்றிரண்டு. பெரிய வலிக்கு மழை.

நேற்று அசர் தொழுகைக்குப் பிறகு, விடுதி வாசலில் இருக்கும் பொதுத் தொலைபேசிக்கு வரிசையில் நின்றேன். உங்கள் அம்மாவின் எண் எனக்கு மனப்பாடம், சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் என் உம்மா அவரைத்தானே கூப்பிடச் சொல்வார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கிளிப், ஆணி, புள்ளி, பிரேக், எல்லாம்.

ஆண்ட்டி, "நீ சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டார்கள். நான் சாப்பிட்டேன் என்றேன். வைத்துவிட்டார்கள்.

நீ கோபப்படுவாய். படு. நான் உனக்குச் சத்தியம் எதுவும் செய்யவில்லை என்று சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை. செய்திருந்தாலும் சொல்லியிருப்பேன்.

ஃபிக்ரி


சுங்கை பினாங்,
18 ஜூலை 2025

ஃபிக்ரி பின் முகம்மது சுல்தான் அவர்களுக்கு,

தங்கள் தொலைபேசிச் சேவைக்கு நன்றி.

அம்மா அப்பாவின் காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பா அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "அன்னிக்கு மைலோவுக்குப் பந்தயம் கட்டினது விளையாட்டு இல்லையாடா? என்னையச் சோதிச்சியா?" என்று கேட்டார். நாலு நாளாக என்னிடம் பேசவில்லை. வீட்டில் டிவிகூடச் சத்தமில்லாமல் ஓடுகிறது.

நீ விஞ்ஞானி. உனக்கு அது ஒரு கால். எனக்கு அப்பா.

இனி எழுத வேண்டாம்.

ஷர்வின் த/பெ சின்னையா


தைப்பிங்,
27 ஜூலை 2025

அன்பு ஷர்வினுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். ஒரே ஒரு தடவை.

வெடித்த நரம்புக்கு ஒரு சின்ன இடைவெளி வேண்டும். அந்த நேரத்தில் எவ்வளவு கிள்ளினாலும் அது பதில் சொல்லாது. கெட்டுப்போய்விட்டது என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். கெடவில்லை. உள்ளதை உள்ளேயும் வெளியதை வெளியேயும் ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறது.

உன் அப்பாவுக்காக துஆ செய்கிறேன். அவர் எனக்கும் வெறும் கால் இல்லை. ஆறாம் ஆண்டில் மழையில் நனைந்து நின்ற என்னை, பாதை மாறி வந்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டது அவர்தான். கம்பெனியில் திட்டு வாங்கியிருப்பார்.

நான் காத்திருக்கிறேன்.

ஃபிக்ரி


சுங்கை பினாங்,
24 ஆகஸ்ட் 2025

அன்பு ஃபிக்ரிக்கு,

பொதுமக்களுக்கு மற்றுமோர் அறிவிப்பு. நோயை முன்கூட்டியே கண்டறிந்து தந்தையின் காலைக் காப்பாற்றிய சுங்கை பினாங்கின் இளம் மேதை ஷர்வின் அவர்களுக்கு ஃபிளாட்டின் கீழ்த்தளத்தில் தேநீர் விருந்து நடந்தது. விருந்து என்றால், கடைக்கார அண்ணன் ஒரு தே தாரேக் கொடுத்து "நீதான் கண்டுபிடிச்சியாமே" என்றார். நான் மறுக்கவில்லை. கிளிப் சோதனை, விரல் சோதனை என்று எல்லாவற்றையும் விளக்கினேன். உன் பெயர் பேச்சில் வரவில்லை. அதைப் பற்றிக் கடைசியில் பேசுவோம்.

முதலில் செய்தி. அம்மா தன் ஃபேக்டரி கிளினிக்கில் காட்ட, அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இனிப்புநீர்தான், வருஷக்கணக்காக இருந்திருக்கிறது. காலில் அந்தப் புள்ளி மேலே சின்னதாக, உள்ளே குழியாக இருந்தது. சுத்தம் செய்து தினமும் கட்டுப்போட்டார்கள். இப்போது மூடிக்கொண்டு வருகிறது. அதோடு நெருப்பில் நடந்திருந்தால் காலைப் பற்றி வேறு மாதிரி பேசியிருப்போம் என்றார் டாக்டர். போன உணர்வு திரும்புமா என்று அம்மா கேட்டதற்கு, இனி போகாமல் பார்த்துக்கொள்வோம் என்று மட்டும் சொன்னார்.

பஸ் சாவியை அப்பாவே கம்பெனியில் கொண்டுபோய்க் கொடுத்தார். எந்த பஸ் எப்போது கிளம்ப வேண்டும் என்று பார்க்கிற மேசை வேலை கொடுத்திருக்கிறார்கள். பிடிக்கவில்லை. மேசைக்குக் கீழே வலது கால் மிதித்துக்கொண்டே இருக்கிறதாம்.

தீமிதிக்கு முன் கோயில் தலைவரிடம் அவரே போனார். நானும் போனேன், அவர் கூப்பிடவில்லை, பின்னாலேயே போனேன்.

"தலைவரே, இந்த வருஷம் நான் நடக்கல. பால்குழிகிட்ட நிக்கிறேன்."

"என்ன சின்னையா, முத ஆளா போட்டிருக்கோம். பயமா?"

எனக்கு அந்த இடத்தில் பூமி பிளக்கட்டும் என்று இருந்தது. அப்பா யோசித்துத்தான் சொன்னார்.

"பயம் வந்தாத்தான் நடந்திருவேனே. முத வருஷம் சுட்டுச்சு தலைவரே. சுடச் சுட நடந்தேன், அது ஆத்தாவுக்கு நான் கொடுத்தது. போன வருஷம் சுடல. ஏன் சுடலன்னு இப்ப டாக்டர் சொல்லிட்டாரு. சுடாத நெருப்புல நடந்து நான் என்னத்தக் கொடுக்கிறது?"

தலைவர் சிரிக்கவில்லை. தன் தோளில் கிடந்த மஞ்சள் துண்டை எடுத்து அப்பா தோளில் போட்டார். அன்றைக்கு அப்பா, நெருப்பின் முடிவில் கால் நனைக்கும் பால்குழிக்கு அருகில் பாதுகாப்பாகக் காலணி போட்டு நின்று, நெருப்பைக் கடந்து ஓடி வருகிறவர்களை ஒவ்வொருவராகக் கைபிடித்து இறக்கினார். எல்லாருடைய கையும் நடுங்கியது, ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்தது என்று வீட்டுக்கு வந்து சொன்னார். என்னிடம்தான் சொன்னார். மூன்று வாரத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம்.

போன வாரம் நரம்புச் சோதனை. உனக்குப் பிடிக்கும், கேள். லைலா என்று ஒரு அக்கா, காலில் இரண்டு இடத்தில் வயர் ஒட்டி, ஓர் இடத்தில் சின்னதாக ஷாக் கொடுத்து, அது இன்னோர் இடத்துக்கு எப்போது வந்து சேர்கிறது என்று திரையில் பார்க்கிறார். இடையில் உள்ள தூரத்தை நாடாவால் அளந்து வேகம் கணக்குப் போடுகிறார். நீ சொன்ன சரவெடி, அப்படியே கண்ணெதிரே. அப்பாவின் கணுக்காலில் கொடுத்தபோது திரையில் கோடு படுத்தே கிடந்தது. கூட்டிக் கூட்டிக் கொடுத்தார். மேடே இல்லை. கையில் கொடுத்தபோது ஒரு சின்னக் குன்று வந்தது. அப்பா அந்தக் குன்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இனி ஒப்புதல் வாக்குமூலம். வார்டன் இக்மலுக்குத் தமிழ் தெரியாதது இன்றைக்கு எனக்கு ரொம்ப ஆறுதல்.

நான் சும்மா இல்லாமல், "இதென்ன, எறும்புக்கடிதானே" என்றேன். அப்பா உடனே, "இவனுக்கும் ஒண்ணு கொடும்மா, ரொம்பப் பேசுறான்" என்றார். லைலா அக்கா சிரித்துவிட்டு, என் மணிக்கட்டில் இருப்பதிலேயே சின்ன அளவை வைத்தார். நான் "அம்மா" என்று அலறினேன். தாழ்வாரத்திலிருந்து ஒரு தாதி ஓடி வந்து எட்டிப் பார்த்தார்.

"ஆடிக், தம்பி, இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. ஒட்டியிருக்கான்னு பார்த்தேன்" என்றார் லைலா அக்கா.

திரையில் ஒரு மலை நின்றது. அப்பா சிரித்தார் பார், கட்டில் ஆடியது. சிரித்து முடித்து என் மணிக்கட்டைப் பிடித்து, ஷாக் விழுந்த இடத்தைத் தேய்த்தார்.

"வலிக்குதா?"

"ம்."

"வலிக்கட்டும். வலிக்கிறது நல்லதுடா."

ஆகவே இரும்பு நரம்பு என்று இனி கையெழுத்துப் போட முடியாது. இன்னொன்றும் இருக்கிறது. காதில் கிளிப்போடு ஒரு முழு ஆட்டம் பார்த்தேன் என்று எழுதினேனே, பொய். ஆட்டத்தில் முதல் புள்ளிகூட முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்து, பிடுங்கி எறிந்தேன். அது நாற்காலிக்கு அடியில் போய் விழுந்தது. அதை எடுக்கத் தவழ்ந்தபோதுதான் அப்பாவின் கால் கண்ணுக்கு முன்னால் இருந்தது. இல்லையென்றால் அவர் விரலில் மாட்டும் யோசனையே எனக்கு வந்திருக்காது. மேதை கண்டுபிடித்தது அவ்வளவுதான். காது வலித்தவன் கிளிப்பை எறிந்தான், மிச்சத்தைத் தைப்பிங்கில் ஒருத்தன் வரிசையில் நின்று செய்தான். இன்று காலை கடைக்கார அண்ணனிடம் போய் இதைச் சொல்லிவிட்டேன். தே தாரேக்கைத் திருப்பிக் கேட்டார்.

உறையில் நீலக் கிளிப் இருக்கிறது. உன் காதில் மாட்டிப் பார். வலித்தால் பதில் எழுது.

இப்படிக்கு,
சாதா நரம்பு ஷர்வின்